கண்டக்டர் பொன்னுராஜின் பல்கம்பி

பொன்னுராஜைப் பற்றிச் சொல்ல வந்தால் பல்லில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வேறு வழியில்லை. ஆள் வருவதற்கு முன்னால் பல் வந்துவிடும். மேல்வரிசை முன்பல் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் தேங்காய்த்துருவி என்று பட்டப்பெயர். அந்தப் பெயரும் அவனோடு பஸ் ஏறி எங்கள் ரூட்டு முழுக்கப் பரவியிருந்தது.

தேனிக்கும் கம்பத்துக்கும் ஓடிய பலவேசம் முதலாளியின் வண்டியில் நான் டிரைவர், அவன் கண்டக்டர். என் பெயர் ஒச்சாண்டி. நான் கோபக்காரன் என்று அந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். ஓடி வருகிறவனுக்காக நான் வண்டியை நிறுத்தியதில்லை. முறுக்கு வாங்க இறங்கியவனுக்காகக் காத்திருந்ததும் இல்லை. நேரம் என்றால் நேரம். அப்படிப்பட்ட எனக்கு இப்படி ஒரு கண்டக்டர் வாய்த்தான். இருபத்தைந்து வயது, வாய் ஓயாத பேச்சு. ஏறுகிற பெண்களிடம் மருமகள் சௌக்கியமா என்று விசாரித்து, இறங்குகிறவர்களுக்குக் கோழிக்கூடையைத் தூக்கிக் கொடுத்து, அதற்கப்புறம்தான் விசில் கொடுப்பான்.

"ஏலே, பஸ் ஓட்டவா வந்தே, சம்பந்தம் பேசவா வந்தே?" என்று நான் முன்னால் இருந்து கத்துவேன்.

"ரெண்டுந்தாண்ணே!" என்று பின்னால் இருந்து பதில் வரும். வண்டியே சிரிக்கும்.

அந்த விசிலை அவன் ஊதுவதே ஒரு வித்தை. உதடு இரண்டும் சேர்ந்தால்தானே விசில் நிற்கும்? இவனுக்குச் சேராது. பல்லால் கவ்விப் பிடித்து, காற்று பக்கவாட்டில் போகாமல் ஒரு கையால் பொத்திக்கொண்டு ஊதுவான். ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் கிளப்ப வேண்டும். அவன் விசிலுக்கு நான் பழகியிருந்தேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் மதுரையில் இருந்து ஒரு பல் டாக்டர் எங்கள் வண்டியில் ஏறினார். உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் பார்த்துவிட்டு, கம்பத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர். டிக்கெட் கிழித்துக் கொடுத்த பொன்னுராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தப் பல்லை உள்ளே தள்ளிடலாம்" என்றார்.

"சின்னப் பிள்ளைகளுக்குத்தானே சார் அதெல்லாம்?"

"உங்க வயசுக்கும் முடியும். கம்பி போட்டு, மாசாமாசம் முறுக்கி, ரெண்டு வருஷம் பொறுமையா இருந்தா பல்லு உள்ளே போயிடும். உதடு தானா மூடும்."

அதைக் கேட்டவன் அனுமந்தன்பட்டியில் விசில் அடிக்க மறந்துவிட்டான். இறங்க வேண்டியவர்கள் கத்திய கத்தில் ஊரைத் தாண்டிப் போய் நிறுத்தினேன். அன்றைக்கு நான் அவனைத் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதில்லை. அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, எனக்கு அழகெல்லாம் வேணாம். வாயை மூடணும். அம்புட்டுதான்."

"நீ வாயை மூடினா எனக்கும் நிம்மதிதான்" என்றேன் நான்.

அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பா ஜெபமணி தேனி கடைவீதியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தவர். அவர் செத்து, கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்குகிற நேரம். வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர் இவனைப் பார்த்து எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார்: "அப்பன் பெட்டிக்குள்ள கிடக்கான், இவன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான் பாரு." அழுதுகொண்டிருந்தவன் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டானாம். மண் போடக்கூட முன்னால் வரவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு மீதி டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டான். நான் டீக்கடைக்காரனிடம் சர்க்கரை குறைவு என்று சண்டை பிடித்தேன்.

அவன் அம்மா சுகிர்தம் லேசில் சம்மதிக்கவில்லை. கர்த்தர் வைத்த பல்லை மனுஷன் தள்ளலாமா என்று கேட்டார். "அவர் வச்ச முடியைத்தானம்மா மாசம் ஒருக்கா வெட்டுறோம்" என்றான் மகன். ஒரு வாரம் லீவு போட்டு மதுரைக்குப் போனான். மேல்வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பல்லைப் பிடுங்கி இடம் பண்ணி, மீதிப் பல்லுக்கெல்லாம் வளையம் மாட்டி, குறுக்கே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி அனுப்பியிருந்தார் டாக்டர். வந்து நின்று வாயைத் திறந்தான். வெயில் பட்டு மின்னியது.

"என்னடா இது, வாய்க்குள்ள வேலி போட்டிருக்கான்!" என்றேன்.

"மாடு மேயக்கூடாதுல்லண்ணே" என்றான். அப்படித்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். பாதி காற்றாக வந்தது.

அதற்குப் பிறகு என் பிழைப்பு நாறிப்போனது. விசிலைக் கவ்வ முடியாது, கவ்வினால் உயிர் போகும். அதனால் வண்டியின் தகரத்தைத் தட்டினான். தகரத்தை யார் வேண்டுமானாலும் தட்டுவார்கள். பிள்ளைகள் தட்டும், கூடை தட்டும். கண்ட இடத்தில் நிறுத்தினேன், நிறுத்த வேண்டிய இடத்தில் பறந்தேன். ஊர்ப்பெயரைக் கூவினால் சீலையம்பட்டியும் சின்னமனூரும் ஒரே சத்தமாக வந்தன, கூடவே முன்சீட்டுக்காரர் மேல் தூறலும் போட்டது.

ஜனங்கள் விடுவார்களா? படிக்கட்டில் இருந்து விழுந்து தாடை உடைந்துவிட்டது என்றார் ஒருவர். அதிகம் பேசுகிறான் என்று முதலாளியே பூட்டுப் போட்டுவிட்டார் என்றார் இன்னொருவர். "தம்பி, இதுல ரேடியோ எடுக்குமா?" என்று ஒரு பெரியவர் உண்மையாகவே கேட்டார். பொன்னுராஜ் எல்லாவற்றுக்கும் சிரித்தான். சாப்பாடுதான் அவனை அழவைத்தது. மத்தியானம் கம்பத்தில் புரோட்டாவும் சுக்காவும் என்று இருந்தவன், இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்தான். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாக எலும்பு கடிப்பேன். "நல்லா இருங்கண்ணே" என்று வாழ்த்துவான்.

புகார் முதலாளி வரைக்கும் போய்விட்டது. சின்னமனூரில் இறங்க வேண்டிய ஒரு வாத்தியார், பெயர் காதில் விழாமல் உத்தமபாளையம் வரை போய்விட்டு, நேராகத் தேனிக்கு வந்து முதலாளியிடம் சண்டை போட்டார். பலவேசம் முதலாளி ஷெட்டுக்கு எங்களை வரச்சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் காலி சீட்டைப் பார்த்தால் அவருக்குக் காய்ச்சல் வரும்.

"ஏலே பொன்னுராசு, வீரபாண்டித் திருவிழா வருது. நமக்கு வருஷத்துக்கே அதுதான் அறுவடை. அந்த நேரத்துல ஒரு புகார் வந்தாலும், ஒண்ணு கம்பியைக் கழட்டு, இல்லாட்டி பையைக் கழட்டு."

"மொதலாளி, பாதியில கழட்டினா பல்லு பழையபடி வந்துருமாம்."

"வரட்டுமே. இருபத்தஞ்சு வருஷம் அதோடதானே இருந்தே?"

பொன்னுராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வேலை போனால் மாசாமாசம் மதுரைக்குப் போக வழியில்லை, வேலையை வைத்துக்கொண்டால் கம்பி இல்லை. இரண்டில் எது போனாலும் அவன் வாய் மூடப் போவதில்லை. எனக்கு முதலாளி மேல் கோபம் வந்தது, அந்த வாத்தியார் மேலும் வந்தது. வாத்தியாருக்குக் கண் இல்லையா, சின்னமனூர் வந்தால் தெரியாதா?

சித்திரைத் திருவிழா வந்தது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குக் கம்பம் பள்ளத்தாக்கே திரண்டு போகும். மஞ்சள் உடுப்பும் வேப்பிலையும் அக்கினிச்சட்டியுமாக ரோடு நிறைந்துவிடும். சிலர் வாய்ப்பூட்டு நேர்ந்துகொள்வார்கள். உதட்டிலோ கன்னத்திலோ மெல்லிய வேல் குத்தி, சன்னதி போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் போகிற நேர்த்திக்கடன் அது. பேசிவிட்டால் வேண்டுதல் பாழ் என்பதால், கூட வருகிறவர்கள் அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

கம்பத்தில் இருந்து கிளம்பிய முதல் திருவிழா டிரிப்பு. புதுப்பட்டியில் ஒரு கூட்டமே ஏறியது. அதற்குத் தலைவி பிச்சையம்மாள் என்று ஓர் அம்மாள், கணீரென்ற குரல். கூடவே தாவணி முனையால் வாயை மூடிக்கொண்டு அவருடைய மகள் அக்கம்மாள். பொன்னுராஜ் நெரிசலில் நீந்தி அவர்களிடம் வந்து, டிக்கெட் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஆத்தா!" என்று பிச்சையம்மாள் போட்ட சத்தத்தில் நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். "வாய்ப்பூட்டுப் போட்டிருக்காக! உள்ள பாருங்க, பல்லுப் பல்லாக் கோத்திருக்காக! வேலைக்கு வந்த இடத்துலயும் நோன்பு இருக்காக பாரு!"

"இல்ல ஆத்தா, இது..."

அவ்வளவுதான் வெளியே வந்தது. பிச்சையம்மாள் தன் கையாலேயே அவன் வாயைப் பொத்திவிட்டார். "பேசாதீக சாமி, பேசாதீக! எம்புட்டுப் பெரிய வேண்டுதலோ, எங்களால கெட்டுப்போக வேணாம்."

வண்டி கப்சிப் என்று ஆனது. கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது பொன்னுராஜின் பிதுங்கிய கண் மட்டும்தான். அவன் கையை ஆட்டினான், தலையை ஆட்டினான். ஆட்ட ஆட்ட ஜனங்களுக்கு நம்பிக்கை கூடியது. யாரோ அவன் நெற்றியில் மஞ்சள் பூசினார்கள். யாரோ ஒரு வேப்பிலை மாலையைப் போட்டார்கள். சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் நாலு கை வந்து பொத்தியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. காசு கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. டிக்கெட் அதே வழியில் திரும்பிப் போனது. "சாமி நிக்காக, ஒழுங்காச் சில்லறை குடு" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டார்கள். வழக்கமாக டிக்கெட் எடுக்காமல் கூட்டத்தில் ஒளிகிற ஆசாமிகள் இரண்டு பேர் தாமாகவே முன்வந்து எடுத்தார்கள். ஊர் வந்தால் எல்லோருமாகப் பெயர் சொன்னார்கள், இறங்கினதும் எல்லோருமாகப் "போலாம் ரைட்" என்றார்கள். திருவிழா வண்டியில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எனக்கே பயமாக இருந்தது.

வீரபாண்டியில் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் முதலாளி குடையோடு நின்றுகொண்டிருந்தார், யார் புகார் சொல்வார்கள் என்று பார்க்க. மாலையும் மஞ்சளுமாக இறங்கிய பொன்னுராஜையும், சுற்றிலும் கும்பிட்டபடி இறங்கிய கூட்டத்தையும் பார்த்து முதலில் விழித்தார். பிறகு, வாய்ப்பூட்டுச் சாமி வந்த வண்டி இதுதான் என்று கேள்விப்பட்டு, திரும்பிப் போகிற கூட்டமும் எங்கள் படிக்கட்டில் முண்டுவதைப் பார்த்தார். பணப்பையின் வீக்கத்தையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பொன்னுராஜின் காதோரம் குனிந்து சொன்னார், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஏலே, வாயைத் திறக்காத. திருவிழா முடியற வரைக்கும் இப்படியே இரு. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு உன் கம்பியைப் பத்தி நான் பேசினா ஏன்னு கேளு."

பொன்னுராஜ் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். பின்னே என்ன? அவனாக ஒரு பொய்யும் சொல்லவில்லை. சும்மா இருந்தால் போதும், பல்லும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். என் கண்டக்டர் எனக்கு வேண்டும், எனக்கு அதுதான் நியாயம்.

அப்போது பிச்சையம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றார். கண்ணில் தண்ணீர். "சாமி, வாயால சொல்ல வேணாம். தலையை மட்டும் ஆட்டுங்க. மூணு எடத்துல இருந்து வந்து பாத்துட்டு வேணாம்னு போயிட்டாக. பிள்ள வெளிய தலைகாட்ட மாட்டேங்குது. இந்த வருஷமாவது எம்மகளுக்கு ஒரு வழி பிறக்குமா?"

முதலாளி இருமினார், ஆட்டித் தொலை என்று அர்த்தம். பொன்னுராஜ் அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் தாவணியை வாயோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அவன் கழுத்து மாலையைக் கழற்றினான். கும்பிடுகிற மாதிரி இரண்டு கையாலும் பிச்சையம்மாளிடம் நீட்டினான்.

"ஆத்தா, என்னைய மன்னிச்சிருங்க. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். இது நேர்த்திக்கடன் இல்ல. பல்லு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதை உள்ள தள்ள மதுரையில டாக்டர் போட்ட கம்பி. உங்ககிட்டச் சொல்லத்தான் பாத்தேன், விடல."

குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் விளங்கியது. கூட்டத்தில் ஒருவன், "ஆத்தா கோயில்ல வந்து விளையாட்டா?" என்று சட்டையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தான். நானும் மடக்கினேன். முதலாளி குடையைச் சுருக்கிக்கொண்டார்.

"நில்லுடா!" என்றார் பிச்சையம்மாள். "அவுக எங்க ஏமாத்துனாக? பேச வந்த ஆளு வாயைப் பொத்துனவ நான். என்னைய அடி." அந்த ஆள் பின்வாங்கிவிட்டான். அந்த அம்மாள் பொன்னுராஜின் முகத்துக்கு நேராக வந்து, "எங்க, வாயைத் தொறங்க" என்றார். திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்தார், கம்பியை விரலால் தொட்டும் பார்த்தார். "பல்லு உள்ள போகுதா?"

"போகுது ஆத்தா. ஒரு நெல்லு அளவு போயிருக்கு."

பிச்சையம்மாள் திரும்பி, மகள் பிடித்திருந்த தாவணியை மெல்ல விலக்கினார். அந்தப் பெண்ணுக்கும் அதே பல். அச்சு அசல் எங்கள் பொன்னுராஜின் பழைய பல். "இதுக்குத்தான்யா மூணு வருஷமா ஆத்தாளுக்குச் சட்டி எடுக்கேன்" என்றார் அம்மாள். குரல் உடைந்துவிட்டது. "அந்த டாக்டர் எங்கன இருக்காரு? பொம்பளப் பிள்ளைக்கும் போடுவாரா?"

பொன்னுராஜ் பதில் சொல்ல வேண்டியது தாயாரிடம். சொன்னது அந்தப் பெண்ணிடம். "போடுவாக. ஆனா வலிக்கும். முறுக்கி விட்டா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. எல்லாரும் கேலி பண்ணுவாக. ரேடியோ எடுக்குமான்னு கேப்பாக."

அக்கம்மாள் சிரித்துவிட்டாள். கை தாவணியைத் தேடிப் போனது, பாதியில் நின்றுவிட்டது.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, பொன்னுராசு, பையைக் குடு. அடுத்த டிரிப்புக்கு வேற ஆளு போகட்டும்" என்றார்.

பிச்சையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் மொதலாளியா? நாங்க புதுப்பட்டிக்காரக இந்த வண்டியிலதான் திரும்பிப் போவோம். அவுக இல்லேன்னா நடந்து போவோம். நாளைக்கு ஊர்ல பாதிப்பேரு வாறாக, அவுககிட்டயும் சொல்லிப்புடுவோம்." கூட்டம் ஆமாம் போட்டது. சற்று முன் சட்டையை மடக்கினவன்தான் எல்லோரிலும் சத்தமாகப் போட்டான்.

காலி சீட்டு முதலாளியின் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். "நான் எங்கம்மா கழட்டச் சொன்னேன்? வெயிலா இருக்கே, பிள்ள கொஞ்சம் ஒக்காரட்டுமேன்னு சொன்னேன்" என்றார். பொன்னுராஜ் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு தகரத்தைத் தட்டினான். இரண்டு தட்டு. அன்றைக்கு அதை நான் சரியாகவே புரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வண்டிக்குக் கம்பி வண்டி என்றே பெயர் வந்துவிட்டது. இரண்டாவது மாதமே அக்கம்மாள் வாயிலும் கம்பி ஏறியது. மதுரைக்குப் போகிற நாளில் தாயும் மகளும் புதுப்பட்டியில் எங்கள் முதல் வண்டியைப் பிடிப்பார்கள். பொன்னுராஜும் அவளும் எது வலிக்கிறது, எதைக் கரைத்துக் குடிக்கலாம் என்று பேசிக்கொண்டே வருவார்கள். இருவருக்கும் கல்யாணம் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் தப்பு. அவள் கம்பியோடேயே தேவாரம் என்ற ஊரில் ஒரு மளிகைக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அந்தக் கல்யாணத்தில் கறி விருந்து. கடிக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர், மணப்பெண்ணும் எங்கள் கண்டக்டரும்.

மறுவருஷத் திருவிழா நெருங்கியபோது முதலாளியே ஷெட்டுக்கு வந்து, "ஏலே, கம்பி இந்தத் திருவிழா வரைக்கும் இருக்கும்ல?" என்று கவலையாக விசாரித்தார்.

டாக்டர் சொன்னதற்கும் மேலே சில மாதம் இழுத்தது. கடைசியில் ஒருநாள் மதுரைக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்தான். அவன் வந்ததை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை முதல் டிரிப்பு, தேனியில் வண்டி நின்றுகொண்டிருந்தது, நான் நேரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் பின்படியில் ஏறியது கண்ணாடியில் தெரிந்தது, விசில் வரவில்லை. தகரமும் தட்டவில்லை. நானாகக் கிளப்பினேன். வீரபாண்டி வந்தது, ஊர்ப்பெயர் கூவவில்லை. கோட்டூரில் இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, பின்படிக்கு நடந்தேன்.

"ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

பொன்னுராஜ் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இல்லை என்று தலையை ஆட்டினான். மேலுதடு கீழுதட்டின் மேல் படிந்து, ஒரு கோடாக மூடியிருந்தது. கண்ணில் இருந்து தண்ணீர் தாரைதாரையாக இறங்கி, அந்த மூடிய வாயோரமாக வழிந்துகொண்டிருந்தது. சொல்ல வாய் எடுத்தால் திறந்துவிடுமே என்று திறக்காமல் நின்றான்.

"நேரமாச்சு டிரைவர், எடுங்க" என்று உள்ளே இருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"என்னய்யா அவசரம்? கம்பம் எங்கயும் ஓடிப்போகாது" என்றேன்.

திரும்பிப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். சீலையம்பட்டி வந்தது. கழுத்தைத் திருப்பி, என் கரகரத்த தொண்டையால் "சீலையம்பட்டி! சீலையம்பட்டி இறங்கு!" என்று கத்தினேன். அவன் வாயைத் திறக்க வேண்டாம் என்று, கம்பம் வரைக்கும் நானே கூவிக்கொண்டு போனேன்.